செபஸ்தியார் பவனியின் கொண்டக்டர்

சுரூபக்கூட்டின் பக்கப் பலகையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் செபஸ்தியார் நிற்பார். இரண்டு தட்டினால் புறப்படுவார். எங்கள் ஒழுங்கைத் திருநாளில் இந்த வழக்கம் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. தட்டுகிற கையை மட்டும் எல்லோருக்கும் தெரியும். அது கொண்டக்டர் அங்கிளின் கை.

கொழும்பில் கொட்டாஞ்சேனை என்றால் வெளியாட்களுக்குப் பெரிய கோயில்கள்தான் ஞாபகத்துக்கு வரும். எங்களுடையது இரண்டு குறுகிய ஒழுங்கைகள் சந்திக்கிற முடுக்கில் நிற்கும் ஒரு சிற்றாலயம். ஜனவரியில் அதற்குத் திருநாள். கரண்ட் கம்பிகளுக்கும் கேபிள் டீவி வயர்களுக்கும் இடையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கொடிகள் ஓடும். ஒன்பது நாள் நவநாள் முடிந்த பின்னேரம், அம்பு தைத்த செபஸ்தியாரின் சுரூபத்தைக் கூட்டில் வைத்துத் தோளில் ஏற்றிக்கொண்டு போவோம். போவோம் என்று எழுதுகிறேன், ஆனால் நாங்கள் சைவக்காரர். எங்கள் ஒழுங்கையில் யாரும் அதைப் பெரிய விஷயமாக எடுப்பதில்லை. அப்பா பெட்டா என்கிற புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. அம்மா அங்கேயே ஒரு கிடங்கில் மிளகாய்க் காம்பு கிள்ளியவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கம்பஸ் போய்ப் பட்டம் படித்தவன் நான் என்பதால் பவனியில் மைக்கை என் கையில் தந்திருந்தார்கள். "படிச்ச பிள்ளை, தமிழிலயும் சிங்களத்திலயும் சொல்லும்" என்று அதற்குக் காரணம் சொன்னார்கள்.

அங்கிள் வத்தளைப் பக்கம் ஓடிய தனியார் பஸ்களில் வயது போகும்வரை கொண்டக்டராக இருந்தவர். முழங்கால் வீங்கத் தொடங்கியதும் பஸ்ஸை விட்டுவிட்டார். ஆனால் நிற்கிற இடமெல்லாம் வாசலாகவே பார்த்து நிற்கிற பழக்கம் போகவில்லை. கோயிலுக்குள்ளும் அப்படித்தான். பூசை தொடங்கினால் எல்லோரும் பீடத்தைப் பார்ப்பார்கள். அவர் பின்கதவில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு ரோட்டைப் பார்ப்பார். யாராவது ஓடி வருவது தெரிந்தால் கையை மெதுவாக ஆட்டி, "ஆறுதலா வாங்க, இன்னும் பிரசங்கம் தொடங்கல்ல" என்பார். பாதர் இதைப் பீடத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

கல்யாண வீட்டில் குறூப் போட்டோவுக்கு எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, "கொஞ்சம் பொறுங்க மல்லி, சமையல் பக்கம் இருந்து ரெண்டு பேர் வாறாங்க" என்று கமராக்காரரை மறித்துவிடுவார். சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம் வரும் அந்த மல்லி, பஸ்ஸில் அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. சாவு வீட்டில் பெட்டி மூடுகிற நேரத்திலும், "வேற யாரும் வர இருக்கா?" என்று ஒழுங்கை முனை வரை ஒருதரம் போய்ப் பார்த்து வருவார். சிலருக்கு அது எரிச்சலாக இருந்தது. எனக்கும் சில நேரம் இருந்தது. ஆனால் அவர் போய்ப் பார்த்த ஒரு தடவை, செத்தவருடைய தம்பி நிஜமாகவே ஓட்டோவை விட்டு இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தார்.

மடு மாதா கோயிலுக்கு வேன் பிடித்துப் போனபோது நடந்ததை ஒழுங்கையில் இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள். எங்களோடு ஒரு அன்ட்டி வந்திருந்தார். யார் என்ன செய்தாலும் குறை சொல்லுகிறவர். ஏசி கூடிவிட்டது என்பார், குறைந்துவிட்டது என்பார், பக்கத்தில் இருக்கிறவருடைய முழங்கை குத்துகிறது என்பார். புத்தளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தி, மறுபடி ஏறி, கொஞ்ச தூரம் போயிருப்போம். வேனுக்குள் நல்ல அமைதி. சிலர் நித்திரைகூடக் கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். அங்கிள் மட்டும் ஒருமாதிரி நெளிந்தார்.

"என்னமோ குறையுது," என்றார்.

"ஒண்டும் குறையல்ல. பேசாம இருங்க அங்கிள்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இல்ல மல்லி. சத்தம் குறையுது."

திரும்பிப் பார்த்தால் அந்த அன்ட்டியின் இடம் காலி. அவர் இல்லாததைக் கண்டும் சிலர் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வேன் திரும்பிப் போனது. கடை வாசலில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற அன்ட்டி ஏறியதும் ஏறாததுமாக அங்கிளைப் பிடித்துக்கொண்டார். மடு வரும்வரை ஏச்சு. அங்கிள் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று கேட்டுக்கொண்டு, நிம்மதியாக வேர்க்கடலை உரித்தார்.

இவர் ஏன் இப்படி என்பதற்கு ஒழுங்கையில் பல கதைகள் உலாவின. பஸ்ஸிலிருந்து யாரோ விழுந்ததைக் கண்டவர் என்றார்கள். சொந்தத் தங்கச்சியைக் கலவர நேரம் எங்கேயோ விட்டுவிட்டு வந்தவர் என்றார்கள். நான் ஒருநாள் நேராகவே கேட்டேன். அவர் என்னை ஏதோ கோளாறு பிடித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கதை ஒண்டும் இல்ல, தம்பி. முன்னால பாக்க டிரைவர் இருக்கிறான். பின்னால பாக்க ஒருத்தன் வேணும் தானே?"

அவ்வளவுதான். 

பவனியில் அவர் சுரூபக்கூட்டுக்கு முன்னால், வலது மூலையோடு ஒட்டி, பின்பக்கமாக நடப்பார். முகம் செபஸ்தியாரை நோக்கியிருக்கும். ரோட்டில் பள்ளம் எங்கே, சாக்கடைக் கானின் மூடி எங்கே என்பது அவருடைய குதிகாலுக்குத் தெரியும். படுக்கையில் யாராவது கிடக்கிற வீடு வந்தால் ஒரு தட்டு. தூக்குகிறவர்கள் நிற்பார்கள். பேண்ட் வாத்தியம் தணியும். கூட்டை மெதுவாகத் திருப்பி, சுரூபத்தின் முகத்தை அந்த வீட்டு ஜன்னலுக்கு நேரே காட்டுவார்கள். பாதர் கையை உயர்த்தி ஆசீர்வதிப்பார். பிறகு இரண்டு தட்டு. எந்தெந்த வீடு என்பதை நவநாள் நாட்களில் அவரே ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து கேட்டு வைத்திருப்பார். சைவ வீடா, வேதக்கார வீடா என்று பார்ப்பதில்லை. ஒரு முஸ்லிம் வீட்டு மகன், "எங்களுக்கு இது சரிவராது அங்கிள், ஆனா உம்மா ஜன்னலத் தொறந்து வைக்கச் சொல்றா" என்று சங்கடப்பட்டபோது, அந்த வீட்டுக்கு முன்னால் கூட்டைத் திருப்பாமல், பேண்டை மட்டும் நிறுத்தி, எல்லோரையும் சத்தமில்லாமல் நடக்க வைத்தார். உம்மாவின் தலை ஜன்னலில் தெரிந்தது.

இந்த நிறுத்தங்களால்தான் வில்லங்கம் வந்தது. ஒரு வருடம் பவனி அளவுக்கு மிஞ்சிச் சுணங்கி, மெயின் ரோட்டில் பஸ்களும் லொறிகளும் தேங்கி, ஒரு அம்புலன்சும் அதில் மாட்டிக்கொண்டது. அடுத்த திருநாளுக்கு அனுமதி கேட்கப் போனபோது பொலிஸில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பவனி எங்கேயும் நிற்கக் கூடாது. நின்றால், அதற்கடுத்த வருடம் பவனியே இல்லை.

அது என் அம்மா படுக்கையில் விழுந்த வருடம். பாரிசவாதம். வலது கையும் காலும் போய்விட்டன, வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாள் முதல் அவர் பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டுத் தகரக் கூரைதான். எங்கள் வீடு, தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான லைன் வீடுகளுக்குள்ளே கடைசி வரிசையில். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். வருடா வருடம் பூமாலையோடு ஒழுங்கை முனையில் போய் நின்று செபஸ்தியாரைக் கும்பிட்டவர் அவர். மார்கழி முடியும்போதே குழறிக் குழறிக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

"இந்த வாட்டி... சாமி... பாக்கணும்."

எங்கள் சுவருக்கு முன்னால் கூட்டைத் திருப்பிப் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பேண்ட் சத்தம் நின்று, நமக்காகத்தான் நிற்கிறது என்று தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். அதனால் திருநாள் ஆயத்தக் கூட்டத்தில் அங்கிள் சண்டை பிடிப்பார் என்று நம்பிப் போயிருந்தேன்.

"நிக்கக் கூடாது எண்டால் நிக்காது, பாதர்," என்றார் அவர். "எக்ஸ்பிரஸ் பஸ். விளங்குது."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அந்த வருடம் பாதர் புதியவர், இளம் ஆள். பெரிய பாரம் இறங்கியதுபோல் நன்றி சொன்னார்.  வெளியே வந்ததும் அங்கிளுக்குப் பின்னால் போனேன்.

"அங்கிள், அம்மா கேட்டுக்கொண்டே இருக்காங்க."

"தெரியும்."

"நிக்காதுன்னு சொல்லிட்டீங்களே."

"ஓம். நிக்காது." அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "நிக்காத பஸ்ஸில ஆள் ஏறுறது இல்லையா? காலம்பற பெட்டாவுக்கு வந்து பாக்கிறது தானே."

மறுநாள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கைப்பிடி வைத்த கதிரை. அதன் இரண்டு பக்கமும் நீளமான மூங்கில் ஒவ்வொன்று கட்டியிருந்தது. அவருடைய திட்டம் இதுதான்: பவனி வருகிற நேரம் படுக்கையில் இருக்கிறவர்களை ஒழுங்கை முனைக்குத் தூக்கி வருவது. சுரூபம் வந்ததும் நிறுத்தாமல் அதன் முன்னாலேயே கூட்டத்தோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவது. அடுத்த வளைவில் இறக்கி வீட்டுக்கு அனுப்புவது. நாலைந்து வீடுகளுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

அப்பா மூங்கிலைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார்.

"வேணாம்ணே," என்றார். "ரோட்டு ரோட்டா தூக்கிக்கிட்டுப் போய்க் காட்டணுமா? வாய் கோணிக்கிட்டு இருக்கு. பாக்கிறவன் நாலு பேச்சுப் பேசுவான். இது என்னாது, பொணம் தூக்குற மாதிரி."

"பொணத்தப் படுக்க வைச்சுத் தூக்குவாங்க, தம்பி. இவ இருந்துகொண்டு போவா."

"அதுக்காக?"

"நாலு பேர் வேணும். மூணு பேர் இருக்கிறாங்க." அங்கிள் கதிரையைச் சுவரோடு சாய்த்தார். "நாலாவது ஆள் வராட்டி வேற ஆள் பாப்பன். தங்கச்சிட்டக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. கட்டிலிலிருந்து அவருடைய இடது கை அந்தக் கதிரையை நோக்கி நீண்டபடியே இருந்தது. அப்பா அதைப் பார்க்காததுபோல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். இரண்டு நாள் கதிரை அப்படியே நின்றது. வீட்டுக்குள் நடக்கிறபோதெல்லாம் மூங்கில் காலில் இடித்தது. அப்பா ஏசினார், ஆனால் வெளியே எடுத்து வைக்கவில்லை.

திருநாளன்று காலை நான் மைக் வேலைக்குக் கிளம்பும்போது, அப்பா முற்றத்தில் குந்தியிருந்து அங்கிள் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். கதிரையைத் திருப்பி அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் பக்கத்தில் புதுக் கயிறு கிடந்ததைக் கண்டேன்.

"இது ஒரு கட்டா?" என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமல். "நாலு எட்டு வைக்க முந்தி நழுவும்." மூங்கிலில் கை பிடிக்கிற இடத்துக்குச் சாக்குத்துண்டு சுற்றினார். மூட்டைக்குப் போடுகிற அதே கட்டைப் போட்டார். கதிரையில் தானே ஏறி உட்கார்ந்து இரண்டு தரம் குலுக்கிப் பார்த்தார்.

பின்னேரம் பவனி புறப்பட்டது. நான் மைக்கோடு கூட்டுக்குப் பக்கத்தில். முதல் வளைவிலேயே ஒரு பழைய தையல்காரர் கதிரையில் வந்து சேர்ந்தார். அவரை இறக்குகிற இடத்தில், பிறவியிலிருந்து நடக்காத ஒரு பிள்ளையைத் தகப்பன் தோளில் வைத்துக்கொண்டு வந்து ஏறினார். எந்த இடத்திலும் பவனி நிற்கவில்லை. அங்கிள் ஒரு கையால் கூட்டைத் தடவிக்கொண்டு பின்பக்கமாக நடந்தார், மறு கையால் ஆட்களை உள்ளே இழுத்தார். "கெதியா, கெதியா. உள்ளுக்குப் போங்க, இடம் இருக்கு. இஸ்ஸரஹட யன்ன மல்லி, இஸ்ஸரஹட." முன்னால் போகச் சொல்லி அவர் பஸ்ஸில் கத்திய அதே கத்தல். வேடிக்கை பார்க்க நின்ற சனம் முதலில் சிரித்தது. பிறகு வழிவிட்டது.

எங்கள் தோட்டத்து முனை வந்தது. அம்மா அங்கே இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் தலை வாரி, பவுடர் போட்டு, பெரிய பொட்டு வைத்து, பச்சைச் சேலை உடுத்திவிட்டிருந்தார்கள். வாய் கோணித்தான் இருந்தது. மூன்று பெடியன்கள் மூங்கிலைப் பிடித்திருந்தார்கள். நாலாவது முனையில் அப்பா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி.

பெடியன்கள் அவசரத்தில் அம்மாவை ரோட்டைப் பார்க்க வைத்துத் தூக்கிவிட்டார்கள். அப்படியே போனால் செபஸ்தியார் அவருக்கு முதுகுப் பக்கம். நான் சொல்வதற்குள் அங்கிள் கண்டுவிட்டார்.

"கதிரையத் திருப்பு. முகத்த இஞ்சால. நீங்க முன்னுக்கு நடங்க, அவ பின்னுக்குப் பாக்கட்டும்."

நடந்துகொண்டே கதிரையைத் திருப்பினார்கள். அது அரை வட்டம் அடித்து, ஒரு பெடியன் தடுமாறி, கடைசியில் சரியாக வந்தது. அப்பா இப்போது அம்மாவின் முழங்கால் பக்கத்து முனையில். கூட்டுக்கு நேர் முன்னால் நடந்துகொண்டிருந்த பாதர் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் தடுமாறினார்.

"பாதர், இது மதகுருமாருக்கு ஒதுக்கின சீட்தான்," என்றார் அங்கிள், எங்கள் பஸ்களில் முன் சீட்டுக்கு மேல் எழுதியிருக்கிற அதே வார்த்தையில். "நீங்க நடந்து வாறபடியா இவவுக்குக் குடுக்கிறன்."

பாதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செபமாலைக்கு நடுவில் சிரிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு கரைக்கு ஒதுங்கினார்.

அம்மாவுக்கும் செபஸ்தியாருக்கும் இடையில் நாலைந்து அடிதான் இருந்திருக்கும். சுரூபம் தோள்களின் மேல் ஆடி ஆடி அவரை நோக்கி வந்துகொண்டே இருந்தது. வந்துகொண்டே இருந்ததே தவிர, அவரைக் கடந்து போகவில்லை. வருடா வருடம் ரோட்டோரத்தில் நின்று கும்பிட்டவருக்கு அது ஒரு நிமிடக் காட்சி. இப்போது தெரு நீளத்துக்கும் அவர் முன்னாலேயே. அவருடைய இடது கை நெஞ்சில் இருந்தது. நான் மைக்கில் அடுத்த செபத்துக்கான அறிவிப்பைத் தமிழில் சொல்லிவிட்டுச் சிங்களத்தில் சொல்ல மறந்துபோனேன். யாரோ முதுகில் தட்டினார்கள்.

அம்மாவை இறக்க வேண்டிய வளைவு வந்தது. அங்கிள் கையைக் காட்டினார். மூன்று பெடியன்கள் வேகத்தைக் குறைத்தார்கள். அப்பா குறைக்கவில்லை. மூங்கில் இழுபட்டு, மூன்று பேரும் அவரோடு எட்டி நடக்க வேண்டியதாயிற்று. ஒரு பெடியன், "மாமா, இறக்கிற இடம்" என்றான். அப்பாவுக்குக் காது கேட்டதாகத் தெரியவில்லை.

அங்கிள் அப்பாவின் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு அடுத்ததாக ஏறக் காத்திருந்தவர்களைப் பார்த்து, "நீங்களும் வாங்க, நெருங்கி நிண்டா சரி" என்று கையை வீசினார்.

மெயின் ரோட்டில் நின்ற பொலிஸ்காரர் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கதிரைகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹோர்ன் அடித்த பஸ்ஸை நோக்கி ஒரு கையை நீட்டினார். நிற்காமல் போனதால் சொன்ன நேரத்துக்கு முன்னமே பவனி கோயில் வாசலுக்கு வந்துவிட்டது.

இருட்ட முன்னம் அங்கிள் திருநாள் சோற்றுப் பார்சலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து இருந்தார். பொட்டு அழிந்திருந்தது. அப்பா மூலையில் உட்கார்ந்து தோளுக்குச் சித்தாலேபத் தைலம் தடவிக்கொண்டிருந்தார். அங்கிள் வழக்கம்போல் வாசலில் சாய்ந்து நின்றார்.

"எப்பிடித் தங்கச்சி, சாமியப் பாத்தீங்களா?"

"பாத்தேன்." அம்மா சொல்லைத் தேடினார். நாங்கள் காத்திருந்தோம். "சாமி... கொஞ்ச நேரம். அப்புறம்... சனம்."

"சனமா?" என்றேன்.

"எல்லாம்... இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு... வருதுல்ல." அவருடைய கண் அங்கிளிடம் போனது. "ஹார்ட்வெயார் மொதலாளி சம்சாரம்... அழுதுச்சு."

"கண்டீங்களா?" அங்கிள் வாசலை விட்டு உள்ளே வந்தார். அவர் ஒரு வீட்டுக்குள் அப்படி வந்து உட்கார்ந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். "ஒவ்வொரு வருசமும் அழுவா. அதே இடத்தில. ஏன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"அந்த... உசரமான பொடியன். உதட்ட மட்டும்... அசைக்கிறான். பாடல."

"அவனுக்கு ஒரு பாட்டும் தெரியாது. பிடிச்சிட்டீங்களே." அவருக்குச் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை. "மடுவுக்கு வந்த அன்ட்டி?"

"செருப்பக் கழட்டி... கையில."

"அது நேர்த்திக்கடன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டா."

இருவரும் ஒரே சினிமாவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரிக் கதைத்துக்கொண்டே போனார்கள். யார் யாரோடு கோபம் தீர்ந்து பக்கத்தில் நடந்தது, யார் மெலிந்துபோனது, யாருடைய மகள் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முகத்தையே காட்டவில்லை. அம்மா அவ்வளவு பேசி மாதங்களாகியிருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் மினைக்கெட்டார், அங்கிள் அவசரப்படுத்தவில்லை. நானும் அப்பாவும் அதே பவனியில்தான் நடந்தோம். எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நான் மைக்கைப் பார்த்து நடந்தேன், அப்பா தரையைப் பார்த்து நடந்தார்.

கடைசியில் அப்பா சித்தாலேபப் போத்தலை மூடினார். "எல்லாரையும் பாத்தியாக்கும்," என்றார் அம்மாவிடம்.

"ஆமா." அம்மா அவரை நோக்கித் தாடையை நீட்டினார். "இந்த மனுசன் தலதான்... நடுவில... மறைச்சிச்சு."

அங்கிள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அது பிழைதான். வாற வருசம் இவர முன் முனையில போடுவம்."

"வாற வருசமும் நானா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா எழுந்து, முற்றத்தில் கிடந்த கதிரையை உள்ளே எடுத்து வந்து, மழை படாத இடமாகப் பார்த்து வைத்தார்.